படத்தில் இருக்கும் போட்நார் கெர்கெய்னே

எதெல்கா என்கிற பெயர் எங்கள் வீட்டில் முதன்முதலில் காதில் விழுந்தது கொழுந்தன் லோரான்ட் வாயிலிருந்து. அவர் அன்யால்ஃபெல்ட் டிராம் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர். எழுபத்திரண்டாம் வருஷம், ஈஸ்டர் திங்கள்கிழமை, பன்றித் தொடையைச் சீவிக்கொண்டே சொன்னார். "எங்க டெப்போவுக்கு எதெல்கான்னு ஒரு பொண்ணு புதுசா வந்திருக்கு. டிராமைத் திட்டிக்கிட்டேதான் ஓட்டுது. ஆனா ஒரு நாள் ஒரு நிமிஷம் லேட்டா வந்ததில்லை." அந்தப் பெண்ணே மறு வருஷம் பெரிய நாத்தனார் மகன் ஷாந்தோரைக் கட்டிக்கொண்டு இதே மேசையில் வந்து உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்ததுமே தொடையில் உப்பு அதிகம் என்றாள். அதிகம்தான். ஆனால் கல்யாணமாகி ஆறு நாளான பெண் அதைச் சொல்வாளா?

முப்பத்தொரு வருஷம் புடாபெஸ்ட் தெருக்களில் மஞ்சள் டிராம் ஓட்டினாள். ஊரே அவளுக்கு நிறுத்தம் நிறுத்தமாகத்தான் தெரியும். எந்த வளைவில் கிழவிகள் கூடையோடு குறுக்கே வருவார்கள், எந்த நிறுத்தத்தில் குடிகாரன் படியில் உட்கார்ந்திருப்பான் என்பதெல்லாம் அத்துப்படி. ஜன்னலுக்கு வெளியே தூண் வைத்த பெரிய கட்டடங்கள் வந்து வந்து போகும். அவற்றில் படம் மாட்டியிருக்கிறது என்று தெரியும். ஒன்றுக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை.

அந்தப் படங்களில் ஒன்று தன் அம்மா என்பதும் தெரியும். அதுதான் அவள் தொண்டையில் கிடந்த முள்.

அம்மா பெயர் வய்தா தெரேஸ். காலுறை ஆலையில் வேலை. போட்நார் கெர்கெய் என்கிற ஃபிட்டரைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட அன்றிலிருந்து அவள் போட்நார் கெர்கெய்னே, அதாவது போட்நார் கெர்கெய் வீட்டுக்காரி. இங்கே வழக்கம் அது. பெண்ணின் பெயர் முழுசாக உள்ளே போய்விடும், வெளியே புருஷன் பெயர்தான் நிற்கும். அந்தக் காலத்தில் ஒரே வீட்டை மூன்று குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அடுப்பங்கரை பொது. பக்கத்து அறையில் ஹர்மத் என்று ஓர் ஓவியர் இருந்தார். மாடல் வைக்கக் காசில்லாமல் அடுப்பங்கரையில் யார் உட்கார்ந்தாலும் வரைவார். தெரேஸையும் வரைந்தார். உழைக்கும் பெண்ணைப் போட்டிருக்கிறார் என்று அரசாங்கம் படத்தை எடுத்துக்கொண்டது. ஐம்பத்து மூன்றாம் வருஷக் குளிரில் தெரேஸ் நுரையீரல் நோயில் போய்விட்டாள். அவளுக்கு இருபத்தேழு, எதெல்காவுக்கு நாலு.

மறு வருஷம் அப்பா ஸோல்நோக்கிலிருந்து லூகாச் இரேனைக் கட்டி அழைத்து வந்தார். அந்தச் சித்தி கொடுமைக்காரி எல்லாம் இல்லை. தலை பின்னிவிட்டாள், காய்ச்சலுக்குக் கோழி சூப் வைத்தாள், தனக்கென்று மார்தா பிறந்த பிறகும் தட்டில் கறித் துண்டை ஏற்றித் தாழ்த்தி வைத்ததில்லை. ஆனால் அவளும் கல்யாணமான அன்றிலிருந்து போட்நார் கெர்கெய்னே ஆனாள். அதே பெயர், அதே வாசல், அதே தபால் பெட்டி. முதல்காரியின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் நிற்கவில்லை. கல்லறைக் குழிக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை வாடகை கட்டவேண்டும். அப்பா கட்ட மறந்தார், குழியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். தெரேஸ் பெயர் மிச்சம் இருந்த ஒரே இடம் எதெல்காவின் அடையாள அட்டை, அதன் பின்பக்கத்தில் தாயின் பெயர் என்று எழுதியிருக்கிற வரி.

"படம் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டால், "மியூசியத்துலதான்" என்பார் அப்பா. எந்த மியூசியம் என்று கேட்டால் பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஷாந்தோரும் இறந்துபோய், மகனும் ஆஸ்திரியாவுக்குச் சமையல் வேலைக்குப் போய், எழுபது வயதும் ஆன பிறகுதான் எதெல்கா கிளம்பினாள். எழுபதுக்கு மேல் நிரந்தரக் காட்சிகளுக்கு டிக்கெட் கிடையாது, டிராமும் இலவசம். வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டாள். பணிமனைப் பழக்கம்தான், தடம் தடமாகப் போனாள். ஒரு தடத்தில் எத்தனை படக்கூடம் வருகிறதோ அத்தனையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த தடம். கைப்பையில் வீட்டில் சுட்ட உப்பு ரொட்டி நாலு, ஒரு ஃபிளாஸ்க் காபி, பூதக்கண்ணாடி.

முதல் நாளே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. கோட்டைக் கழற்றிக் கீழே கொடு என்றார்கள். குளிராக இருக்கிறது என்றால் உள்ளே வெதுவெதுப்பு என்றார்கள். கைப்பையைக் கொடு என்றார்கள். ரொட்டி இருக்கிறது என்றாள். அதனால்தான் கேட்கிறோம் என்றார்கள். மலைமேல் அரண்மனையில் இருக்கிற பெரிய கூடத்துக்கு மூன்று நாள் ஆனது. வீரர் சதுக்கத்தில் இருக்கிறதில் ஸ்பெயின்காரன், இத்தாலிக்காரன், ஹாலந்துக்காரன் எல்லோரும் இருந்தார்கள், அன்யால்ஃபெல்டுக்காரி யாரும் இல்லை. ஆற்றுக்கு அக்கரை, புடாப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடத்துக்கு மூச்சு வாங்க ஏறிப் போனால் கதவில் சீட்டு, திங்கள் விடுமுறை. தப்பு அவளுடையதுதான், ஆனாலும் அந்தச் சீட்டைப் பத்து நிமிஷம் நின்று முறைத்தாள். கிராமத்து உழைப்பாளி படங்கள் வேளாண்மை மியூசியத்தில் இருக்கும் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனாள். விதவிதமாக எருது பார்த்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கை மார்தாவுக்குப் போன் போட்டு வாரக் கணக்கு ஒப்பிப்பாள். மார்தா செபெலில் இருக்கிறாள், பள்ளிக்கூட ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள்.

"எத்தனை கன்னி மரியாள்டீ, எத்தனை குழந்தை இயேசு. சுவர் சுவரா அவங்கதான். பொம்பளைன்னா ஒண்ணு சாமியா இருக்கணும், இல்லாட்டி துணி இல்லாம இருக்கணும். ஏப்ரன் கட்டின ஒருத்தியை இன்னும் பார்க்கலை."

"முழங்காலைக் கெடுத்துக்காதே அக்கா," என்பாள் மார்தா. அவ்வளவுதான் சொல்வாள்.

இதற்கு நடுவில் அவளுக்கே தெரியாமல் வேறொன்று நடந்தது. படங்களைப் பார்க்கப் பழகிவிட்டாள். வெளிச்சம் எந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து வருகிறது, கையை வரையத் தெரியாமல் பாவாடைக்குள் ஒளித்திருக்கிறானா என்றெல்லாம் கண்டுபிடிப்பாள். அறைக் காவல்காரிகள் நாலைந்து பேர் சிநேகிதமானார்கள். தெருவில் போகிற முகத்தைக்கூட, இது இன்ன கூடத்தில் இரண்டாவது அறையில் இருக்கிறதே என்று நினைப்பாள். முப்பத்தொரு வருஷம் ஓட்டிய ஊர் அவளுக்கு இப்போதுதான் உள்ளே திறந்தது. அதை மட்டும் ஒருத்தரிடமும் ஒத்துக்கொள்ளமாட்டாள். கேட்டால் முழங்காலைத்தான் காட்டுவாள்.

பதினாலாம் மாசம், பத்தொன்பதாவது இடம். பெரிய வளைவுச் சாலைக்குப் பின்னால் லைட்னர் மாளிகைப் படக்கூடம். ஐம்பதுகளின் படங்கள் என்று மூன்றாவது அறையில் வைத்திருந்தார்கள். அடுப்பங்கரை மேசை ஓரம் நீல வேலையுடுப்பில் ஒரு பெண் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் எனாமல் குவளையைப் பிடித்திருந்தாள். பின்னால் ஜன்னல். எதெல்காவுக்கு அம்மா முகம் ஞாபகம் கிடையாது. ஆனால் அந்த மோவாய், அது எதெல்காவின் கல்யாணப் போட்டோவில் இருக்கிற மோவாய். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே இருந்த சீட்டைப் படித்தாள். ஹர்மத் பெர்தலான். போட்நார் கெர்கெய்னேயின் உருவப்படம். ஒரு வரி நேரம்தான் அந்தச் சந்தோஷம். அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது: பிறந்த பெயர் லூகாச் இரேன், 1930–2014.

அறைக் காவல்காரி ஓடி வந்து நாற்காலி போட்டாள். எதெல்கா உட்காரவில்லை. ஆபீஸ் எங்கே என்று கேட்டாள்.

ஆபீசில் இருந்தவள் ஸெமெரே நோயேமி, முப்பது வயது, படிப்பாளி. கோபமே வராத பெண். எதெல்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. நோயேமி தண்ணீர் கொடுத்தாள், முழுக் கதையையும் கேட்டாள், ஆவணம் கொண்டு வாருங்கள் என்றாள். எதெல்கா வீட்டை உதறி எல்லாம் எடுத்து வந்தாள். காலுறை ஆலை அட்டை, ஆஸ்பத்திரி இறப்புச் சீட்டு, ரேஷன் புத்தகத்தில் ஒரு பக்கம். நோயேமி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"அம்மா, இதுல எல்லாத்துலயும் போட்நார் கெர்கெய்னேன்னுதான் இருக்கு. நாங்களும் அதைத்தானே எழுதியிருக்கோம்."

"அது எங்கம்மா."

"உங்கம்மாவும் போட்நார் கெர்கெய்னேதான், நான் இல்லைன்னு சொல்லலை. படத்துல உட்கார்ந்திருக்கிறது எந்த போட்நார் கெர்கெய்னேன்னுதான் கேள்வி."

எதெல்கா தன் அடையாள அட்டையைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். தாயின் பெயர் வய்தா தெரேஸ். நோயேமி அதையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். உங்களுக்கு அம்மா இருந்தார்கள் என்பதற்கு இது சாட்சி, படத்துக்குச் சாட்சி ஆகாதே என்று மெல்லச் சொன்னாள். வெளியே வந்து எதெல்கா டிராமுக்கு நிற்காமல் நாலு நிறுத்தம் நடந்தே போனாள். உட்கார்ந்தால் வெடித்துவிடுவோம் என்று இருந்தது.

பிறகு நடுவில் கொள்ளைநோய் வந்து எல்லாக் கதவும் சாத்தினார்கள். மறுபடி திறந்ததும் செவ்வாய்க்கிழமை தோறும் போய் அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். அப்படி ஒரு செவ்வாயில்தான் முகத்தை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். இதுவரை வந்த படிப்பாளிகள் எல்லோரும் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், குவளையைப் பார்த்திருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் மஞ்சளாக ஒரு தீற்று இருந்ததே, படக் குறிப்பு எழுதியவர்கள் அதை மாலை வெயில் என்று எழுதியிருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மாலை வெயிலுக்கு நெற்றி விளக்கு இருக்குமா? அது டிராம்.

அவர்கள் குடியிருந்த தெருவில் அவள் ஒருநாளும் டிராம் ஓட்டியதில்லை. அங்கே தண்டவாளமே கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது என்று பணிமனைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். லோரான்ட் அப்போது உயிரோடு இருந்தார், தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் யார் யாரையோ பிடித்துப் பழைய தடப் பதிவேட்டின் நகலை வாங்கித் தந்தார். அந்தத் தெருவின் தண்டவாளத்தை ஐம்பத்திரண்டு இலையுதிர் காலத்தில் பிடுங்கியிருக்கிறார்கள். இரேன் சித்தி ஊரை விட்டு வந்ததே ஐம்பத்து நாலில்.

நோயேமி உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள், பெரிய கண்டுபிடிப்பு என்றாள். மூன்று வாரத்தில் சீட்டை மாற்றினார்கள். எதெல்கா நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். போட்நார் கெர்கெய்னேயின் உருவப்படம், 1952 அல்லது அதற்கு முன் என்று இருந்தது. அதற்குக் கீழே பழையபடி லூகாச் இரேன்.

"வருஷத்தை மாத்தினீங்களே, ஆளை மாத்தலையா? ஐம்பத்திரண்டுல எங்க சித்தி ஸோல்நோக்குல பால் கறந்துக்கிட்டிருந்தா."

நோயேமி கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். தொண்ணூற்று நாலில் கூடத்தார் அப்பா வீட்டு விலாசத்துக்கு, தாங்கள்தான் போட்நார் கெர்கெய்னேயா என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். சித்தி பதில் போட்டிருக்கிறாள். ஆமாம், போட்நார் கெர்கெய்னே நான்தான், பிறந்த பெயர் லூகாச் இரேன், கால் வீக்கமாக இருப்பதால் கண்காட்சித் திறப்புக்கு வர முடியாது, வணக்கம். சித்தியின் கையெழுத்துதான், அந்தச் சாய்ந்த எழுத்து. கேட்ட கேள்விக்கு அவள் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள்.

"வருஷத்தை நாங்களே மாத்தலாம் அம்மா. ஆனா ஒருத்தங்க தன் கைப்பட எழுதிக் கொடுத்ததை எடுக்கணும்னா அவங்க வாரிசு சம்மதிக்கணும். எங்க கூடத்துக் குழு அப்படித்தான் சொல்லுது. அவங்க மகள் மார்தா அம்மா கையெழுத்து வேணும். அவங்களை எங்களுக்குத் தெரியுமே, அஞ்சாறு வருஷமா வர்றாங்க, பேரப்பிள்ளைங்களைக்கூடக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

எதெல்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மார்தாவுக்குப் போன் போடவில்லை. நவம்பர் முதல் தேதிக்குக் காத்திருந்தாள். அன்றைக்கு ஊரே சாமந்திப் பூவோடு கல்லறைக்குப் போகும். அக்கா தங்கை இருவரும் வருஷா வருஷம் பகல் பன்னிரண்டுக்கு அப்பா கல்லறையில் சந்திப்பார்கள். அந்த வருஷமும் மார்தா பூத்தொட்டியோடு வந்தாள். எதெல்கா பூவை வைத்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள், குச்சியை ஊதி அணைத்தாள்.

"பதினாலு மாசம்," என்றாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் முழங்கால் கதையைப் போன்ல கேட்டியேடி. எருதைப் பார்த்துட்டு வந்தேன்னு சொன்னப்பக்கூட வாயைத் திறக்கலையே."

மார்தா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். சித்தி இறந்த பிறகு அலமாரியில் திறப்பு அழைப்பிதழ் கிடைத்ததாம். போய்ப் பார்த்தாளாம். உன்னிடம் சொன்னால் வந்து சண்டை பிடிப்பாய் என்று தெரியும் என்றாள்.

"அப்ப அது உங்கம்மா இல்லைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்னு சொல்லமாட்டேன். தெரியாதுன்னும் சொல்லமாட்டேன். அந்த மோவாய் எங்கம்மா வழியில யாருக்கும் கிடையாது, போதுமா?"

"பின்னே ஏண்டி?"

மார்தா கல்லறைக் கல்லைக் காட்டினாள். போட்நார் கெர்கெய், கீழே சின்ன எழுத்தில், மற்றும் அவர் மனைவி. அவ்வளவுதான் வெட்டியிருந்தது.

"எங்கம்மா இதுக்குள்ளதானே இருக்கா அக்கா. பேரு எங்கே? எண்பத்து நாலு வருஷம் இருந்துட்டுப் போனவ. உன் துணியையும் சேர்த்துத்தான் துவைச்சா. லூகாச் இரேன்னு ஊர்ல எழுதியிருக்கிறது அந்தச் சுவர்ல மட்டும்தான். அதையும் நான் கையெழுத்துப் போட்டு அழிக்கணுமா?"

எதெல்காவுக்குத் திட்ட நிறைய இருந்தது. முப்பத்தொரு வருஷம் டிராமைத் திட்டியவள். ஆனால் அவள் கண் அந்தக் கல்லிலேயே நின்றது. இத்தனை வருஷம் வந்து போயும் தன் அம்மாவுக்குக் கல் இல்லை என்பது மட்டுந்தான் அவளுக்கு உறுத்தியது. இந்தக் கல்லில் பெயர் இல்லை என்பதை அவள் பார்த்ததே இல்லை. அந்த எரிச்சல் முழுக்கத் தன்மேலேயே திரும்பியது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

"நாளைக்குக் கல் வெட்டுறவனைக் கூப்பிடு," என்றாள். "உங்கம்மா பேரை இதுல வெட்டச் சொல்லு. முழுப் பேரு. செலவு நான் தர்றேன். வெட்டி முடிச்ச அன்னைக்கு நீ கையெழுத்துப் போடு."

"வியாபாரமா பேசுறே."

"ஆமா. இல்லாட்டி நீ ஒத்துக்கமாட்டே."

மார்தா மூக்கைச் சிந்தினாள். அப்புறம், அப்பா பெயரைவிடப் பெரிசாக வெட்டச் சொல்லட்டுமா என்று கேட்டாள். எதெல்கா, அப்பா செய்த வேலைக்கு அவர் பெயரை வேண்டுமானால் கொத்தி எடுத்துவிடலாம் என்றாள். இரண்டு பேரும் அங்கேயே நின்று சிரித்தார்கள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கல் வெட்டுகிறவன் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. குளிரில் கல் விண்டுவிடும் என்று ஏப்ரல் வரை இழுத்தான். ஏப்ரலில் லூகாச் இரேன் கல்லில் ஏறினாள். மே மாசம் மார்தா கையெழுத்துப் போட்டாள். கூடத்துக் குழு வருஷத்துக்கு இரண்டு முறைதான் கூடும், மே கூட்டம் அதற்கு முந்தின வாரம்தான் முடிந்திருந்தது. எதெல்கா நோயேமியிடம் என்ன பேசினாள் என்று எழுத வேண்டாம். நவம்பரில் சீட்டு மாறியது.

அக்காவும் தங்கையும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். வய்தா தெரேஸின் உருவப்படம், 1925–1953. போட்நார் கெர்கெய்னே என்பதே எங்கும் இல்லை. எதெல்கா மூன்று முறை படித்தாள். பிறகு, எழுத்து பொடியாக இருக்கிறது, சீட்டை இடுப்பு உயரத்தில் வைத்தால் யார் படிப்பது, கோழியா என்று காவல்காரியிடம் சண்டைக்குப் போனாள்.

"இப்பவாவது வாயை மூடு அக்கா," என்றாள் மார்தா.

வாயை மூடினாள். காவல்காரி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அறை சாத்துகிற மணி அடிக்கிறவரை, தன்னைவிட நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சின்னவளான அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வாரம் அந்தச் சீட்டு அங்கே இருந்தது. பத்தாவது வாரம் லைட்னர் மாளிகையின் கூரை ஒழுக, மூன்றாவது அறையை மூடிப் படங்களை ஊருக்கு வெளியே கிடங்கில் கொண்டுபோய் வைத்தார்கள். சீட்டும் படத்தோடு பெட்டிக்குள் போயிருக்கிறது, ஒன்றும் தொலையவில்லை என்று நோயேமி எழுதியிருக்கிறாள். கூரை வேலை எப்போது முடியும் என்று எழுதவில்லை.

எதெல்காவுக்கு இப்போது எழுபத்தாறு. வலது முழங்காலை மாற்றிக்கொண்டுவிட்டாள். அன்யால்ஃபெல்டில் பழைய நாலாம் மாடி வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு மாசமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடத்துக்குப் போன் போட்டுக் கூரை என்ன ஆயிற்று என்று கேட்கிறாள்.